நாளைக்கு வந்த அக்கா

ஜனவரி 9, வியாழன் ராத்திரி, உத்யான் எக்ஸ்பிரஸ்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பெங்களூர் சிட்டி ஸ்டேஷன்ல இருந்து வண்டி கெளம்பிடுச்சு, சைடு அப்பர்தான் கெடச்சது, ஆனா ஜன்னல் பக்கம் கீழ இருக்குற தாத்தா சீக்கிரமே படுத்துட்டாரு, அதனால மேல ஏறிப் படுத்துக்கிட்டே டைப் பண்றேன். பொங்கல் லீவோட ஆஃபீஸ்ல ஒரு வாரம் சேத்து எடுத்துட்டு தாராவிக்குப் போறேன். மெல்பர்ன்ல இருந்து ஒரு தமிழ்ச் சபைக்காரங்க ஏழு பேர் மிஷன் ட்ரிப்னு வர்றாங்க, எல்லாருமே யாழ்ப்பாணத்துப் பூர்வீகம், தாராவியில ஒரு அக்கா நடத்துற சாயங்கால டியூஷன் சென்டர்ல ஒரு வாரம் உதவி பண்ணணும்னு. தமிழும் இந்தியும் இங்கிலீஷும் தெரிஞ்ச ஒரு ஆள் கூட இருந்தா நல்லா இருக்கும்னு எங்க பாஸ்டர்கிட்ட கேட்டிருக்காங்க, அவர் என்னைக் கை காட்டிட்டாரு. எங்க அப்பா மிலிட்டரில இருந்ததால எனக்கு இந்தி தண்ணி பட்ட பாடு.

தினமும் கொஞ்சமாவது எழுதிப் போடுறேன்னு சபையில சொல்லிட்டு வந்திருக்கேன். ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடுறேன், பிள்ளைங்க போட்டோ எதுவும் இதுல வராது, பேரும் வராது. ஏன்னு போகப் போகச் சொல்றேன்.

2014ல நானும் இதே மாதிரி ஒரு ட்ரிப் போயிருக்கேன், காத்மாண்டுக்கு, ஆறு நாள். அதைப் பத்தி இத்தனை வருஷம் நான் யார்கிட்டயும் சரியாப் பேசினதில்ல. இந்தத் தடவை எழுதணும்னு நெனச்சிருக்கேன். தூக்கம் வரல.

ஜனவரி 10, வெள்ளி, வண்டியிலயே

காலையில வாடி தாண்டி கலபுர்கி, மத்தியானம் சோலாப்பூர். வெளிய கரும்புக் காடும் காஞ்ச நெலமும் மாறி மாறி வருது. தௌண்ட் தாண்டினதும் நான் ஜன்னல விட்டு நகரல, கேட்காவ்ன்னு ஒரு சின்ன ஸ்டேஷன் வரும்னு தெரியும். பண்டித ரமாபாயோட முக்தி மிஷன் அங்கதான் இருக்கு. வண்டி நிக்கல, மஞ்ச போர்டு கண்ணுல பட்டுச்சு, போயிடுச்சு, அவ்ளோதான். ஆனா எனக்கு நெஞ்சு அடைச்சுக்கிச்சு.

ரமாபாய் அவங்களே ஒரு இளம் விதவை, கையில ஒரு பொண்ணு. 1889ல மும்பை சௌபாட்டியில சாரதா சதன்னு விதவைப் பொண்ணுங்களுக்கு ஒரு இல்லம் ஆரம்பிச்சு, அடுத்த வருஷம் பூனாவுக்கு மாத்தி, அப்புறம் 1896, 97 பஞ்சத்துல தெருவுல கெடந்த பொண்ணுங்களையும் பிள்ளைங்களையும் நூத்துக்கணக்குல கூட்டிட்டு வந்து வெச்சது இந்தக் கேட்காவ்லதான். 1922ல சாகுற வரைக்கும் அங்கதான் இருந்தாங்க.

நம்ம பக்கம் டோனாவூர்ல பிள்ளைங்களைக் காப்பாத்தி வளத்த மிஷனரி ஏமி கார்மிக்கேல் அம்மாவும் அப்படித்தான், 1895ல அயர்லாந்துல இருந்து வந்து முதல்ல இறங்கினது எங்க பெங்களூர்லதான், அப்புறம் திருநெல்வேலிக்குப் போனாங்க, 1951ல சாகுற வரைக்கும் ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பிப் போகல. அம்பத்தஞ்சு வருஷம். எங்க பாட்டி நாசரேத்துக்காரி, இந்தக் கதையைச் சொல்லித்தான் எங்களைத் தூங்க வைப்பா. பத்து நாளுக்குத் துணிமணி எடுத்து வெச்ச பேக்கைத் தலைக்கு வெச்சுக்கிட்டு இதையெல்லாம் யோசிக்கிறப்போ ஒரு மாதிரி இருந்துச்சு.

லோனாவ்லா தாண்டி மலை இறங்குறப்போ இருட்டிடுச்சு. தாதர்ல இறங்கி, லோக்கல் பிடிச்சு சயான். அக்கா ஸ்டேஷனுக்கே வந்திருந்தாங்க. "வந்துட்டியாளா? சாப்ட்டியா?" அந்த ஒரு "ளா"லயே நெல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. அக்கா பொறந்து வளந்தது எல்லாமே தாராவிதான், அவங்க தாத்தா தோல் பதனிடுற வேலைக்கு திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவரு. மூணு தலைமுறை ஆச்சு, பேச்சு மாறல.

ஜனவரி 11, சனி

மெல்பர்ன் டீம் காலையில வந்து சேந்தாங்க. ரெண்டு அங்கிள், மூணு ஆன்ட்டி, காலேஜ் படிக்கிற ஒரு தம்பி, ஒரு தங்கச்சி. சூட்கேஸ் ரெண்டு நெறைய பிள்ளைங்களுக்குப் பொம்மை, சாக்லேட், கலர் பென்சில். அக்கா அதைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, டீ குடுத்து உக்கார வெச்சு ஒரு மணி நேரம் பேசினாங்க. பேசினதை அப்படியே இங்க போடணும்னு தோணுது, வெளியூருக்கு மிஷன் ட்ரிப் போற யாருக்கும் உபயோகமா இருக்கும்.

போட்டோ கிடையாது. கஷ்டத்துல இருக்குற, பாதுகாப்பு தேவைப்படுற பிள்ளையோட அடையாளத்தை வெளிய விடக்கூடாதுன்னு 2015 ஜுவனைல் ஜஸ்டிஸ் சட்டத்துலயே இருக்கு, 74வது பிரிவு. யாரும் ஒரு பிள்ளைகூட தனியா இருக்கக் கூடாது, எப்பவும் சென்டர் டீச்சர் ஒருத்தர் பக்கத்துல இருக்கணும். ஏழு பேரும் அவங்க ஊர்ல பிள்ளைங்க கூட வேலை செய்யறதுக்கு வாங்குற பின்னணி சரிபார்ப்பு சர்டிபிகேட்டைக் காட்டணும். மடியில தூக்கி வெச்சுக்கக் கூடாது. சென்டர்ல மதம் பேசக் கூடாது, ஹிந்து, முஸ்லிம், கிறிஸ்டியன் எல்லா வீட்டுப் பிள்ளைங்களும் வருது, அதோட டூரிஸ்ட் விசாவுல வந்தவங்க பிரசங்கம் பண்றதுக்கு நம்ம நாட்டுச் சட்டத்துல எடமும் இல்ல. தனித்தனியா யாருக்கும் எதுவும் குடுக்கக் கூடாது. கடைசியா, "திரும்பி வருவேன்னு யாரும் சொல்லக் கூடாது. வந்தா வாங்க, சந்தோசம். வருவேன்னு மட்டும் சொல்லாதீக."

ஒரு ஆன்ட்டிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "என்ன அக்கா, இந்தப் பிள்ளையளுக்கு ஒரு சொக்லேட்டும் குடுக்கேலாதோ? இவ்வளவு தூரம் வந்திருக்கிறம்."

அக்கா அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "குடுக்கலாம், பேக்கைச் சென்டர்ல வெச்சிருங்க, நாங்க பரிட்சைக்கு, பிறந்தநாளுக்குன்னு வருசம் பூரா குடுத்துக்கிடுதோம். குடுக்கிற கை எங்க கையா இருக்கட்டும். நாளப்பின்ன பிள்ளைக கேட்டு நிக்கப்போறது எங்க கிட்டதான."

ஆன்ட்டி ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க, அப்புறம் "ஓம், விளங்குது"ன்னு மட்டும் சொன்னாங்க.

ஜனவரி 12, ஞாயிறு

தாராவித் தமிழ்ச் சபையில ஆராதனை, டீம் எல்லாரும் கீழ பாய்ல உக்காந்து பாடினாங்க. மத்தியானம் யாரோ ஒரு வீட்டுல மீன் குழம்பு, நெல்லை கைப்பக்குவம், தேங்கா அரைச்சது. அப்புறம் நல்லாத் தூங்கினோம்.

ஜனவரி 13, திங்கள்

இன்னிக்குத்தான் முதல் நாள் சென்டர். 90 ஃபீட் ரோட்டுல இருந்து உள்ள ஒரு சந்து, ரெண்டு ஆள் எதிரெதிரா வந்தா ஒருத்தர் சுவத்தோட ஒட்டிக்கணும், காலுக்குக் கீழ சாக்கடை மேல கல்லு, தலைக்கு மேல ஒயர். இரும்பு ஏணி மாதிரி நிக்குற படி, அதுல ஏறினா ஒரே ரூம். முப்பது பிள்ளைங்க சுவத்தோட சுவரா உக்காந்திருந்தாங்க. தகர ஷீட் மேல, ரெண்டு ஃபேன், ஒரு வெள்ள போர்டு. கீழ பட்டறையில தையல் மெஷின் ஓடுற அதிர்வு உக்காந்தா தொடையில தெரியும்.

இது ஏன் வேணும்னா, சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்தா நெறைய வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்க, அம்மா வீட்டு வேலைக்கு மாட்டுங்கா, பாந்த்ராவுக்குப் போயிருப்பாங்க. அந்த நாலு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவுலதான் பிள்ளை தெருவுக்குப் போகும், பட்டறைக்குப் போகும், யார் கையிலயாவது மாட்டும், அப்படித்தான் அக்கா சொல்றாங்க. அந்த நாலு மணி நேரத்தைத்தான் அவங்க பதினாறு வருஷமாப் பிடிச்சு வெச்சிருக்காங்க.

டீம் தங்கச்சி ஒரு ஆக்‌ஷன் சாங் சொல்லிக் குடுத்தா, சிங்கம், யானை, குரங்கு மாதிரி கையை வெச்சு ஆடுறது. பிள்ளைங்க முதல்ல தடுமாறி, அப்புறம் கத்துக்கிட்டு, மூணாவது தடவை பிரமாதமாப் பாடினாங்க. தங்கச்சிக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் பின்னாடி உக்காந்திருந்தேன், பச்ச ரிப்பன் கட்டின ஒரு பாப்பா எனக்குப் பக்கத்துல. அவ உதடு, தங்கச்சி அடுத்த வரி சொல்றதுக்கு முன்னாடியே அசைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நான் குனிஞ்சு "உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"ன்னு கேட்டேன். தலையாட்டினா. "எல்லாருக்கும் தெரியும் அக்கா. வர்ற எல்லா அக்காவும் இதுதான் சொல்லித் தர்றாங்க."

"அப்புறம் ஏன் தெரியாத மாதிரி பாடினீங்க?"

"அவங்க குஷ் ஆவாங்கல்ல."

எட்டு வயசு இருக்கும். வர்றவங்க மனசு நோகக் கூடாதுன்னு முப்பது பிள்ளைங்களும் ஒண்ணா, யாரும் சொல்லிக் குடுக்காம, தெரிஞ்ச பாட்டைத் தெரியாத மாதிரி பாடுதுங்க. நாம பிள்ளைங்களைச் சந்தோஷப்படுத்த வந்தோம்னு நெனச்சுட்டு இருக்கோம், அங்க பிள்ளைங்க நம்மளைச் சந்தோஷப்படுத்திக்கிட்டு இருக்கு.

தங்கச்சிகிட்ட ராத்திரி சொன்னேன், மறைக்க மனசு வரல. அழுதா. அப்புறம் "நாளைக்கு நான் அவங்ககிட்ட ஒரு பாட்டு கத்துக்கிறன் அக்கா"ன்னா.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

தாராவிப் பொங்கலைப் பாத்தவங்களுக்குத்தான் தெரியும்! விடிகாலையில இருந்தே 90 ஃபீட் ரோட்டுல வரிசையா அடுப்பு, பானை, கரும்பு, எங்க பாத்தாலும் பட்டுப் புடவை, புகை, அதுக்கு நடுவுல ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே ஊந்து போறான். "பொங்கலோ பொங்கல்" சத்தம் ஒரு முனையில ஆரம்பிச்சா அப்படியே ரோடு பூரா பரவுது. நான் பெங்களூர்ல குக்கர்ல பொங்கல் வெக்கிறவ, ஒரு ரோடே பொங்குறதை இப்பத்தான் பாக்குறேன். குயவர்கள் இருக்குற கும்பார்வாடா பக்கத்துலயே இருக்கு, குஜராத்திக்காரங்க, பானை அங்க இருந்துதான் வாங்குவோம்னு ஒரு ஆச்சி சொன்னாங்க.

சென்டர் லீவு. பச்ச ரிப்பன் பாப்பா அவங்க அம்மாகூட நின்னுட்டு இருந்தா, இன்னிக்கு சிவப்பு ரிப்பன். என் கையில ஒரு இலையில பொங்கலைத் திணிச்சுட்டு ஓடிட்டா. டீம் ஆன்ட்டிங்க, "எங்கட ஊரில முத்தத்தில கோலம் போட்டுப் பொங்குவினம்"னு சொல்லிக்கிட்டே அங்க இருந்த பாட்டியம்மாக்களோட அடுப்புக்குச் சுள்ளி தள்ளினாங்க. யார் வந்தவங்க, யார் இருக்குறவங்கன்னு தெரியாத ஒரு காலை.

ஜனவரி 15, புதன்

இன்னிக்கு எழுதுறது நீளமாப் போகும், மன்னிச்சுக்கோங்க.

அக்கா எங்களை ரெண்டு ரெண்டு பேராப் பிரிச்சு வீடு பாக்கக் கூட்டிட்டுப் போனாங்க. மொத்தமா போனா வேடிக்கை பாக்க வந்த மாதிரி ஆகும்னு. நானும் கணக்கு அங்கிளும் (அவர் மெல்பர்ன்ல அக்கவுண்டன்ட்) ஒரு வீட்டுக்குப் போனோம். பத்துக்குப் பத்து ரூம், பாதி ஒயரத்துல மரப் பலகை போட்டு மேல தூங்குற எடம். அந்த அம்மா விழுப்புரம் பக்கம், புருஷன் இறந்து மூணு வருஷம். துணிக் கம்பெனி விலைச் சீட்டுல நூல் கோக்குற வேலை, மடியில ஒரு குவியல், பேசிக்கிட்டே இருக்காங்க, கை மட்டும் நிக்கவே இல்ல, நூலை எச்சில் தொட்டு முறுக்கி, ஓட்டையில விட்டு, முடிச்சுப் போட்டு, அந்தப் பக்கம் தள்ளி. ஒரு முடிச்சுக்கு ரெண்டு செகண்டுதான் இருக்கும். ஆள்காட்டி விரல் நுனியில நூல் அறுத்த கோடு கோடா காய்ப்பு.

அவங்க பொண்ணு சென்டர்ல படிக்குது. போன வருஷம் ஒருத்தர் வந்து, பொண்ணை ஒரு ஹோம்ல விடுங்க, வெளிநாட்டுக்காரங்க ஸ்பான்சர் பண்றாங்க, இங்கிலீஷ் மீடியம், மூணு வேளை சாப்பாடுன்னு கேட்டிருக்காரு. அந்தம்மா அனுப்பலாம்னே முடிவு பண்ணிட்டாங்க. அக்கா போய், பீஸ் எவ்ளோ, அரிசி எவ்ளோ, என்ன கொறையுதுன்னு உக்காந்து கணக்குப் போட்டு, ரேஷன் கார்டுல பேர் சேத்துக் குடுத்து, விதவைப் பென்ஷனுக்கு எழுதிப் போட்டு, பொண்ணை வீட்டுலயே வெச்சுட்டாங்க. "நான் பெத்த பிள்ளைய வெச்சுச் சோறு போட எனக்கு உதவி பண்ண ஆளில்ல, என் பிள்ளைய என்கிட்ட இருந்து எடுத்துட்டுப் போய் சோறு போட மட்டும் அத்தனை பேர் வர்றாங்களேம்மா." அழாம, சாதாரணமாச் சொன்னாங்க. கை முடிச்சுப் போட்டுக்கிட்டே இருந்துச்சு.

இப்ப காத்மாண்டு.

2014ல நாங்க பன்னெண்டு பேர் போனோம். ஒரு சில்ட்ரன்ஸ் ஹோம், நாப்பது பிள்ளைங்க, எல்லாரும் அநாதைன்னு சொன்னாங்க. ஆறு நாளும் பாட்டு, விளையாட்டு, ஜெபம், கடைசி நாள் கட்டிப் பிடிச்சு அழுகை. ஏழு வயசுப் பையன் ஒருத்தன் என் துப்பட்டாவைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. அடுத்த வருஷம் வருவேன்னு அவன்கிட்ட சொன்னேன். இந்தியிலதான் சொன்னேன், அவனுக்குப் புரிஞ்சுது. நான் போகல. 2015 ஏப்ரல்ல நேபாள பூகம்பம் வந்தப்போ அந்த ஹோமுக்கு ஃபோன் போட்டுப் போட்டுப் பாத்தேன், யாரும் எடுக்கல. ரொம்ப நாள் கழிச்சு ஒருத்தர் மூலமாத் தெரிஞ்சது, அந்தப் பையனுக்கு மலைக் கிராமத்துல அம்மா இருந்தாங்க. உயிரோட. படிக்க வெக்கிறோம்னு சொல்லி வாங்கிட்டு வந்த பிள்ளை.

அப்புறம்தான் தேடித் தேடிப் படிச்சேன். நேபாளத்துல இந்த மாதிரி ஹோம்ல இருக்குற பெரும்பாலான பிள்ளைங்களுக்கு அம்மாவோ அப்பாவோ இருக்காங்க, ஹோமும் பெரும்பாலும் கஷ்டம் ஜாஸ்தியா இருக்குற மலைப் பக்கம் இல்ல, டூரிஸ்ட் வர்ற காத்மாண்டு, பொக்கரா பக்கம்தான். கம்போடியாவுல 2011ல யுனிசெஃப் வெளியிட்ட ஆய்வுலயும் இதே கதை, அநாதை இல்லத்துல இருந்த பிள்ளைங்கள்ல நாலுல மூணு பேருக்கு மேல பெத்தவங்கள்ல ஒருத்தராவது உயிரோட. பாக்க வர்றவங்க, காசு குடுக்குறவங்க ஜாஸ்தி ஆக ஆக, இல்லமும் ஜாஸ்தி ஆகுது, இல்லத்தை நிரப்பப் பிள்ளைங்களைத் தேடிப் போறாங்க. நாங்க குடுத்த காணிக்கையும் அதுலதான் சேந்துச்சு. கணக்கு அங்கிள்கிட்ட இதைச் சொன்னப்போ அவர் சொன்னாரு, 2018லயே எங்கட அவுஸ்திரேலியாவில இதையும் அடிமைத்தனத்தில ஒரு வகையெண்டு ஏத்துக்கொண்டிட்டினம், எங்கட சேர்ச்சில ஆக்கள் கனபேருக்கு இன்னும் தெரியாது பிள்ளைன்னு.

யாக்கோபு 1:27 நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். மிஷன் ட்ரிப் பேனர்ல எல்லாம் அதுதான் இருக்கும், நாங்க காத்மாண்டுக்குப் போட்டுட்டுப் போன டீ ஷர்ட்லயும் இருந்துச்சு. அதுல "திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும்"னு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருக்காங்க. பிள்ளைக்குப் பக்கத்துல அம்மா நிக்கிறா. நாங்க பிள்ளையை மட்டும் பாத்தோம். அதுல இருக்குற வார்த்தையும் "விசாரிக்கிறது". எங்க பாட்டி ஊர்ல விசாரிக்கிறதுன்னா வீட்டுக்குப் போய், திண்ணையில உக்காந்து, என்ன ஏதுன்னு கேட்டு, அடுத்த வாரமும் போறது.

அந்தப் பையனுக்கு இப்ப பதினெட்டு வயசு இருக்கும். அவன் பேரைத் தினமும் ஜெபத்துல சொல்றேன்.

ஜனவரி 16, வியாழன்

சிஎஸ்எம்டி, அதான் பழைய விக்டோரியா டெர்மினஸ் ஸ்டேஷன், பாக்கப் போனோம். 2004ல இருந்து யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம், டீம் தம்பி கழுத்து வலிக்க மேல பாத்துக்கிட்டே நின்னான். எனக்கு மனசுல நின்னது அக்காவோட ஒரு துணிப் பை.

வீட்டை விட்டு ஓடி வர்ற பிள்ளைங்க இறங்குறது இங்க, தாதர், குர்லா டெர்மினஸ், இப்படித்தான். ரயில்வே போலீஸ் படையும் 1098ங்கிற குழந்தைகள் உதவி ஃபோன் நம்பர்க்காரங்களும் அவங்களைத் தேடிப் பிடிக்கிறாங்க. அந்த சைல்டுலைன் நம்பரே இந்த மும்பையிலதான் 1996ல ஆரம்பிச்சது. பிள்ளை கெடச்சா 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் நலக் குழு முன்னாடி கொண்டு போய் நிறுத்தணும், சட்டம். வந்தது தமிழ்ப் பிள்ளையா இருந்து, இந்தி தெரியலைன்னா, தெரிஞ்சவங்க அக்காவுக்கு ஃபோன் பண்றாங்க. ராத்திரி ரெண்டு மணின்னாலும் போறாங்க.

அதுக்குத்தான் அந்தப் பை, எப்பவும் கதவுக்குப் பின்னாடி ஆணியில மாட்டி இருக்கும். நான் கேட்டதும் தெறந்து காட்டினாங்க. ஒரு துண்டு, சோப்பு, ரெண்டு சைஸ்ல டி-ஷர்ட், குளுக்கோஸ் பிஸ்கட், படம் போட்ட தமிழ்க் கதைப் புஸ்தகம் ஒண்ணு, முனையெல்லாம் மடங்கி. "முதல்ல ஒண்ணும் கேக்க மாட்டேன். எந்தூர், ஏன் வந்த, ஒண்ணும். கதைய வாசிப்பேன். தமிழ்ச் சத்தம் காதுல விழுந்தாலே பயல்க அழ ஆரம்பிச்சிருவானுக. அழுது முடிச்சாத்தான் பேச்சு வரும்." ஒரு பையன் அந்த ஒரே கதையை ஒன்பது தடவை வாசிக்கச் சொன்னானாம்.

வர்ற வழியில காமாட்டிபுரா பக்கமா பஸ் போச்சு. பிரேரணான்னு ஒரு அமைப்பு 1988ல அங்க ராத்திரிக் காப்பகம் ஆரம்பிச்சாங்க, பாலியல் தொழில்ல மாட்டிக்கிட்ட அம்மாக்களோட பிள்ளைங்க ராத்திரி பாதுகாப்பாத் தூங்குறதுக்கு. காலையில அம்மாகிட்ட போயிடலாம். அக்கா அதைப் பத்திச் சொல்லிட்டு, "பாத்தியா, ராத்திரிய மட்டும் வாங்கிக்கிட்டாக, பிள்ளைய வாங்கல"ன்னாங்க.

ஜனவரி 17, வெள்ளி

டீம்ல எல்லாருக்கும் உருப்படியா ஒரு வேலை கெடச்சிடுச்சு. தம்பியும் இன்னொரு அங்கிளும் தகர ஷீட்ல மழை ஒழுகுற எடமெல்லாம் அடைச்சாங்க. ஆன்ட்டிங்கள்ல ஒருத்தர் ஓய்வு பெற்ற சின்ன வகுப்பு டீச்சர், படிக்கத் தெரியாத பிள்ளைக்கு எழுத்துச் சத்தத்துல இருந்து எப்படி ஆரம்பிக்கிறதுன்னு சென்டர் டீச்சர் பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் நாலு நாளா மத்தியானத்துல உக்காந்து சொல்லிக் குடுக்குறாங்க. பிள்ளைங்ககிட்ட போகல, டீச்சருங்ககிட்டதான். இதுதான் இந்த வாரத்துலயே நடந்த பெரிய காரியம்னு நான் நெனைக்கிறேன்.

கணக்கு அங்கிள் ரசீதெல்லாம் ஒரு ஷூ டப்பாவுல கெடந்ததை எடுத்து, வரிசைப்படுத்தி, மூத்த டீச்சருக்குக் கணக்குப் புத்தகம் எழுதக் கத்துக் குடுத்தாரு. அப்பத்தான் அவருக்கு விளங்கியிருக்கு, அவரோட ஒரு ஃபிளைட் டிக்கெட் காசு ஒரு டீச்சரோட பல மாச சம்பளம். பர்ஸை எடுத்துட்டாரு. அக்கா வாங்கல. வெளிநாட்டுக் குடிமகன் குடுத்தா, தமிழ் ஆளா இருந்தாலும், ரூபா நோட்டாவே இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம், வெளிநாட்டு நன்கொடை வாங்குறதுக்கான எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாம தொடக் கூடாது, 2020ல இருந்து பதிவு இருக்குற அமைப்புகூட வாங்கி இன்னொரு அமைப்புக்குக் கைமாத்தக் கூடாது. "சட்டத்தை மீறி ஒரு ரூவா வாங்குனா, பதினாறு வருசம் போயிரும் அங்கிள்."

"அப்ப ஆர் குடுக்கிறது?"ன்னு கேட்டாரு. அக்கா என்னைப் பாக்கல, ஆனா நான் தலையைக் குனிஞ்சுட்டேன். பெங்களூர்ல எங்க சபையில முன்னூறு குடும்பம். காத்மாண்டு ட்ரிப்புக்கு ஒரே மாசத்துல பணம் சேத்தவங்க நாங்க. இங்க வர ஒரு ராத்திரி ஒரு பகல் ரயில், இத்தனை வருஷத்துல யாரும் வரல. சபையில இதைப் படிக்கிறவங்களுக்கு, நான் வந்ததும் கமிட்டியில இதை வைக்கப் போறேன், ரெண்டு டீச்சர் சம்பளம், வருஷம் பூராவும், ஒரு வருஷம் மட்டும் இல்ல. தயவுசெஞ்சு யோசிச்சு வைங்க.

ஜனவரி 18, சனி

கடைசி நாள். ஏமி அம்மா இறந்ததும் இதே ஜனவரி 18தான், அவங்க அடக்கமான எடத்துல கல்லறைக் கல்லு கெடையாது, பறவைங்களுக்குத் தண்ணி வெக்கிற தொட்டிதான் இருக்கு. காலையில இதை நெனச்சுக்கிட்டேதான் எழுந்தேன்.

பிரிவு விழா எதுவும் அக்கா வெக்கல. திங்கக்கிழமையே போர்டு ஓரத்துல ஆறு கட்டம் போட்டு, தினமும் ஒரு பிள்ளையை விட்டு ஒண்ணு அடிக்க வெச்சாங்க, எப்போ போறாங்கன்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும். தங்கச்சி பிள்ளைங்ககிட்ட கத்துக்கிட்ட தமிழ்ப் பாட்டைப் பாடினா, கும்மியடிச்சு, ரெண்டு எடத்துல தப்பு, பிள்ளைங்க திருத்தினாங்க, பெரிய வாத்தியார் மாதிரி!

நான் பாப்பாவோட நோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அவ இந்தியில யோசிச்சுத் தமிழ்ல பேசுற பிள்ளை. இந்தியில நேத்துக்கும் நாளைக்கும் ஒரே வார்த்தைதான், "கல்". அதனால தமிழ்லயும் ரெண்டையும் மாத்தி மாத்திப் போடுவா, டீச்சரும் திருத்திக்கிட்டேதான் இருக்காங்க. ரிப்பன் நுனியைக் கடிச்சுக்கிட்டே கேட்டா,

"அக்கா, நாளைக்கு வந்தாங்கல்ல ஒரு அக்கா, கண்ணாடி போட்டு. அவங்க மாதிரி நீங்களும் போயிடுவீங்கதானே?"

வருவேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு. அக்காவுக்குக் குடுத்த வாக்கு ஞாபகம் வந்துச்சு. "ஆமாம்மா, நாளைக்குக் காலையில ட்ரெயின்ல போறேன்"ன்னேன். "சரி"ன்னா. அப்புறம் "டீச்சர் இருப்பாங்கல்ல?"ன்னு கேட்டா.

"டீச்சர் இருப்பாங்க."

திரும்பவும் எழுத ஆரம்பிச்சுட்டா.

ஜனவரி 19, ஞாயிறு, திரும்பி வர்ற வண்டியில

டீம் நைட்டே ஏர்போர்ட் போயிட்டாங்க. நான் காலையில உத்யான் பிடிச்சேன். கர்ஜத் தாண்டி மலை ஏறுது, சுரங்கம் சுரங்கமா வருது, சிக்னல் வருது போகுது. ஒரு சுரங்கத்துல இருந்து வெளிய வந்தப்போ அக்காகிட்ட இருந்து மெசேஜ். ஞாயித்துக்கிழமையில அக்கா நேத்து வராத பிள்ளைங்க வீடுகளுக்குப் போவாங்க.

"அந்த நூல் கோக்குற அம்மா பொண்ணு நேத்து வரல, பாத்தியா. போய்ப் பாத்தேன், காய்ச்சல். சயான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

நான் எப்படி இருக்குன்னு கேட்டு அனுப்பினேன். அடுத்த சுரங்கம். ஃபோனைக் கையிலயே வெச்சிருந்தேன். கேட்காவ் தாண்டினதுக்கு அப்புறம்தான் பதில் வந்துச்சு.

"மாத்திரை குடுத்திருக்காங்க. தூங்குது. நான் பக்கத்துல உக்காந்து சீட்டுக்கு நூல் கோத்துட்டு இருக்கேன், அவளுக்கு இன்னைக்குள்ள குடுக்கணுமாம். ஊர் போய்ச் சேந்ததும் மெசேஜ் போடுளா."